காமிராவுக்குக் கட்டளையிடுவது யார்?

1878ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பண்ணையில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, 27 அங்குலத்துக்கு ஒன்றாகப் பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டி, பாய்ந்துவரும் குதிரையே அந்நூல்களை இடறி ஷட்டர்களை இயக்கும்படி செய்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும் அதிசயத்தைக் கண்டு உலகம் வியந்தது; அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்த மற்றொரு நுட்பத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நூலை இடறுவது குதிரையாதலால் படங்கள் சமதூரத்தில் விழுந்தன. குதிரையின் வேகம் மாறினால் அவற்றிடையே உள்ள காலமும் மாறிவிடும். பிற்பாடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தபோது, அவர் கடிகார யந்திரத்தைக் கொண்டு காமிராக்களை இயக்கினார். பறக்கும் பறவை நூலை இடறாதல்லவா?

நிகழ்ச்சி கட்டளையிடுவது, கடிகாரம் கட்டளையிடுவது என்ற இவ்விரு வழிகளும் இன்றைய விஞ்ஞானக் காமிராக்களில் 'ட்ரிகர்' என்ற பெயரில் இருக்கின்றன. இவற்றோடு, எவர் சொல்லையும் எதிர்பாராமல் காமிரா தன்போக்கில் படமெடுத்துக்கொண்டே போகும் 'ஃப்ரீ ரன்' என்ற வழியும் உண்டு. பெட்டியைப் பிரித்து இணைப்புக் கொடுத்ததும் காமிரா பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். பரிசோதனை முடியும்வரை அதை அப்படியே விட்டுவைக்கும் வழக்கத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

விதை முளைப்பதையோ, பாக்டீரியாக் கூட்டம் பரவுவதையோ பார்ப்பவருக்கு இதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு மில்லி விநாடிகளில் எழுந்து அடங்கிவிடும் நரம்புத் துடிப்பைப் படம்பிடிக்க விரும்புபவர், ஃப்ரேம் ஒன்றுக்கு 10 மில்லி விநாடி வீதம் காமிராவைத் தன்போக்கில் ஓடவிட்டால், தாம் செலுத்திய மின்தூண்டல் ஃப்ரேமின் தொடக்கத்தில் விழுந்ததா, இறுதியில் விழுந்ததா என்பதைப் படங்களை மட்டும் கொண்டு எந்தக் கணிதத்தாலும் மீட்க இயலாது.

படத்தை ஒரே சமயத்தில் பதியாமல் வரிசை வரிசையாகப் பதியும் 'ரோலிங் ஷட்டர்' முறையில் இயங்கும் சென்சாரானால் சங்கடம் இன்னும் வளர்கிறது. சுழலும் மின்விசிறியின் இறக்கை செல்போன் படத்தில் வளைந்து தெரிவதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. வரிசைக்கு 10 மைக்ரோ விநாடி என்று கொண்டால், 1,000 வரிசைகளில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஏறக்குறைய 10 மில்லி விநாடி வித்தியாசம் நேர்கிறது. ஆகவே மேலும் கீழுமாக உள்ள இரண்டு நரம்பணுக்கள் ஒரே க்ஷணத்தில் துடித்தாலும், அவை அடுத்தடுத்த ஃப்ரேம்களில் தோன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி சென்றதுபோன்ற மயக்கத்தை உண்டாக்கிவிடக்கூடும். எல்லா வரிசைகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் விளக்கு எரியும்படி, காமிரா தரும் சமிக்ஞையைக் கொண்டே விளக்கை இயக்குவது இதற்கொரு பரிகாரம். ஒளியால் வாடும் உயிரணுக்களுக்கும் அது நல்லது. வேகமான காமிராவை வாங்கிவிட்டால் போதும் என்பார் சிலர். வேகம் பிழையைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது; ஃப்ரேமுக்குக் கிடைக்கும் ஒளியையும் கூடவே குறைத்துவிடும்.

ட்ரிகரும் இலவசமாக வருவதன்று. முந்தைய படத்தை வாசித்து முடிக்குமுன் வந்துசேரும் ட்ரிகர் துடிப்பைப் பல காமிராக்கள் ஓசையின்றிப் புறக்கணித்துவிடுகின்றன. 57ஆவது துடிப்பு அவ்வாறு தவறினால், 57ஆவது படம் 58ஆவது தூண்டலுக்கு உரியதாகி, அதன்பின் வரும் எல்லாப் படங்களும் ஓரிடம் நழுவி நிற்கும். அனுப்பிய துடிப்புகளையும் பெற்ற படங்களையும் எண்ணி ஒப்பிடுவது சிரமமான காரியமன்று. ஆயினும் அதைச் செய்ய வேண்டுமென்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

ஆய்வுக் கட்டுரைகளில் எக்ஸ்போஷர் எத்தனை மில்லி விநாடி என்பதை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள், காமிரா எந்த முறையில் இயங்கியது, கட்டளை எங்கிருந்து வந்தது, வரிசைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பவற்றையும் எழுத வேண்டும். ஃப்ரேமின் நேரத்தைக் குறித்தது காமிராவா, கணினியா என்பதையும் சேர்க்க வேண்டும். ஏனெனில் கணினி குறிப்பது பெரும்பாலும் படம் தன்னிடம் வந்துசேர்ந்த நேரத்தைத்தான். இந்த விவரங்கள் இல்லாத கட்டுரையைப் பரிசீலகர்கள் திருப்பியனுப்பினால், அதைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன்.