கம்ப்ரெசருக்கு முன் செய்யவேண்டிய வேலை

மிக்ஸிங்குக்கு வரும் வோக்கல் டிராக்குகளில் பல இன்று ஒரே மூச்சில் பாடப்பட்டவை அல்ல. பல்லவி ஒரு நாள், சரணம் வேறொரு நாள். பாடியது ஸ்டூடியோவில், திருத்தியது பாடகரின் வீட்டில். நாலைந்து டேக்குகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த குரலில் ஒலியளவு வரிக்கு வரி மாறத்தான் செய்யும். அந்த மேடுபள்ளத்தை அப்படியே கம்ப்ரெசரிடம் ஒப்படைத்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதை மாற்றியாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். த்ரெஷோல்ட் -20 டெசிபல், ரேஷியோ 4:1. சரணத்தின் உச்சியில் ஒரு சொல் -8-ஐத் தொடுகிறது; த்ரெஷோல்டுக்கு மேலே இருந்த 12 டெசிபல் 3 ஆகச் சுருங்குகிறது. அதாவது 9 டெசிபல் அமுக்கம். அடுத்த வரியில் -22-இல் மெல்லப் பாடிய சொல்லைக் கம்ப்ரெசர் தொடவே இல்லை. ஒரே பாடகர், ஒரே மைக். இருந்தும் முதல் சொல் இறுகியும் இரண்டாவது சொல் திறந்தும் ஒலிக்கின்றன. பிறகு ஃபேடர் ஆட்டோமேஷன் எழுதி அளவைச் சமன் செய்யலாம், இறுக்கத்தைப் போக்க முடியாது. ஃபேடர் கம்ப்ரெசருக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்கின் ஒவ்வொரு துண்டின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கிளிப் கெயினோ கம்ப்ரெசருக்கு முன்னால் இருக்கிறது. புரோ டூல்ஸில் இந்த வசதி 2011-இல் 10-ஆம் பதிப்பில் வந்தது. மற்ற முக்கிய மென்பொருள்களிலும் இதற்கு ஈடான வசதி உண்டு. கருவி கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

தமிழ்ப் பாட்டுக்கு இந்த வேலை இன்னும் அவசியம். ‘பாட்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘பா’ நெடில், முழுக் குரலில் வரும். கடைசியில் நிற்பதோ குற்றியலுகரம். இயல்பிலேயே குறுகி ஒலிப்பது. ‘பா’வை அமுக்கிய கம்ப்ரெசர் மீள்வதற்குள் ‘டு’ வந்து அதுவும் சேர்ந்து அமுங்குகிறது. மேலே வயலின்கள் ஏறும்போது சொல்லின் வால் காணாமல் போகிறது. பாடகரின் உச்சரிப்பு சரியில்லை என்று கேட்பவர் நினைக்கிறார். அந்த ‘டு’வை மட்டும் 3 டெசிபல் உயர்த்தினால் சொல் முழுமையாகிவிடும். அதற்குக் கிளிப்பை எங்கே வெட்டுவது? ‘ட்ட’ போன்ற வல்லின இரட்டிப்பில், நாக்கு அண்ணத்தை அடைத்து நிற்கும் நொடித்துளியில் குரல் நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தில் வெட்டினால் காதுக்குத் தெரியாது. ‘அம்மா’, ‘இல்லை’ போன்ற சொற்களில் அந்த இடைவெளி கிடையாது. கமகத்திலும் அப்படியே. அங்கே வெட்டக் கூடாது. கெயின் கோட்டை மெல்லச் சரித்து ஏற்றி இறக்க வேண்டும்.

வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக அமர்ந்து பதிவு செய்த காலத்தில் இந்த வேலை பதிவின்போதே நடந்தது. உச்சத்துக்குப் போகும்போது பாடகர் மைக்கை விட்டு விலகுவார். எதிரொலி குறைந்த அறையில் தூரம் இரட்டிப்பானால் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மிச்சத்தைப் பொறியாளரின் விரல் ஃபேடரில் பார்த்துக்கொள்ளும். பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் அது முடியும். இன்று நமக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தும் வசதி இருக்கிறது. அந்தக் கவனம்தான் குறைந்துவிட்டது.

சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு கிளிப்பையும் ஒரே உச்சத்துக்கு நார்மலைஸ் செய்வது சமன் செய்வது ஆகாது; ஒரு ‘ப’கரத்தின் வெடிப்பே மீட்டரின் உச்சத்தைத் தொட்டுவிடும், சொல்லோ பின்தங்கி நிற்கும். கிளிப்பை 6 டெசிபல் உயர்த்தினால் அறை இரைச்சலும் ஹெட்போனிலிருந்து கசியும் தாளமும் 6 டெசிபல் உயரும்; ஆகவே மூச்சையும் இடைவெளிகளையும் தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். தானாகவே அளவைச் சமன் செய்யும் பிளக்-இன்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்து பாடிய சொல் எது, வேண்டுமென்றே தணித்துப் பாடிய சொல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. சரணம் பல்லவியைவிட அடங்கி ஒலிக்க வேண்டுமென்று இசையமைப்பாளர் நினைத்திருந்தால், அந்த வித்தியாசம் அப்படியே இருக்க வேண்டும். வரிக்குள் சொற்களைச் சமன் செய்யுங்கள்; பகுதிகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கத்தைத் தொடாதீர்கள். கேட்கும் ஒலியைக் குறைத்து வைத்து, இசையோடு சேர்த்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்தச் சொல் மறைகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இது மிக்ஸிங்கில் அடங்கிய சில்லறை வேலை அல்ல. இதற்கென்று நேரம் ஒதுக்குங்கள், அதற்குரிய ஊதியமும் கொடுங்கள். ஒலிப்பதிவு கற்பிக்கும் ஆசிரியர்கள், கம்ப்ரெசரைத் திறக்கும் முன் ஒரு முழுப் பாட்டையாவது கிளிப் கெயினால் மட்டும் சமன் செய்ய மாணவர்களைப் பழக்க வேண்டும். அப்படிச் சமன் செய்த குரலுக்குப் பெரும்பாலும் 3, 4 டெசிபல் அமுக்கமே போதும். அடுத்த பாட்டில் செய்து பாருங்கள்.