கன்னி வேட்டையும் ஐந்து வயதுக் குழந்தையும்

சென்ற வாரம் எம் தமக்கையாரின் கணவரிடமிருந்து செய்தி வந்தது. பள்ளி விடுமுறையில் லிப்பிஸ் பக்கத்திலுள்ள அவர்களுடைய குடும்ப நிலத்துக்கு நாம் வரவேண்டுமாம். இளைய மகனுக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டதாம். மூத்தவனுக்குச் செய்தது போலவே இவனுக்கும் 'கன்னி வேட்டை' செய்து வைக்க வேண்டுமாம். சென்ற முறை போலவே விளக்குப் பிடிக்க நாம் வேண்டுமாம். அதற்கு நாம் அனுப்பவேண்டிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம். என்னை? இஃது ஒரு குடும்பத்துச் செய்தி மட்டுமன்று. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிச் சிறிதளவு நிலம் தேடிக்கொண்ட நம்மவர் இல்லங்களுள் நாம் அறிந்த சிலவற்றில், பால்குடி மறந்து சில ஆண்டுகளே ஆன ஆண் குழந்தையை இரவில் காட்டோரம் அழைத்துச் சென்று, அதன் கண்முன்னே மானைச் சுட்டு வீழ்த்துவது வீரத்தின் அரிச்சுவடி என்று கருதப்படுகின்றது. அக்கருத்து தவறென்று சொல்லவே எழுதுகோலை எடுத்தோம்.

முதலில் எம் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றோம். 2019ஆம் ஆண்டின் இறுதி விடுமுறையில், மூத்த பையனை அழைத்துச் சென்ற இரவில், விளக்கைப் பிடித்தவர் நாமே. நிலம் ஐந்து ஏக்கர். முகப்பில் டுரியானும் ரம்புத்தானும். பின்னால் பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட பழைய ரப்பர் மரங்கள். அவற்றுக்கப்பால் ஓர் ஓடை. ஓடைக்கு அக்கரையில் காடு. நள்ளிரவுக்குச் சற்று முன் ஓடைக்கரையில் இரண்டு கண்கள் விளக்கொளியில் கனல்துண்டுகள் போல் மின்னின. கேழை. நம்மவர் மலாய் வழக்கைப் பின்பற்றிக் கீஜாங் என்பர். அச்சமுற்றால் நாயைப் போலக் குரைக்கும் சிறு மான். அன்று அது குரைக்கவுமில்லை, ஓடவுமில்லை. ஒளியையே பார்த்துக்கொண்டு நின்றது. அதனை அவ்வாறு நிற்கச் செய்தது எம் கையிலிருந்த விளக்கு.

துப்பாக்கி வெடித்தது. பையன் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் வெடித்த பின்பே பொத்திக்கொண்டான். மான் உடனே சாகவில்லை. அதன் பின்கால்கள் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. பாராங்கினால் கழுத்தறுத்து முடித்தார்கள். தந்தையார் இரத்தத்தில் விரலைத் தோய்த்துப் பையன் நெற்றியில் திலகமிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்; எல்லோரும் சிரித்ததால் அவனும் சிரித்தான். தோலுரிக்கும்போது மடியில் பால் இருந்தது. அதைக் கண்டவர் நால்வர்; வாய்திறந்தவர் ஒருவருமில்லை. கேழை பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் ஈனும். அதனைப் புதரில் மறைத்துவிட்டுத் தான் மேயச் செல்லும். இவ்வளவும் எமக்கு அப்பொழுதே தெரியும். தெரிந்தும் வாளா இருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது பையன் எம்மை நோக்கி, "மாமா, அந்த மான் எப்போ எழுந்திரிக்கும்?" என்று கேட்டான்.

இறந்தது மீண்டு வாராது என்னும் அறிவு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதிலேதான் சிறிது சிறிதாக உறுதிப்படுகின்றது என்று குழந்தை உளநூல் ஆராய்ந்தோர் கூறுவர். எமக்கு அந்நூல்கள் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பசியாறு மேசையே போதியதாயிற்று. சாவு இன்னதென்று அறியாதவன் முன்னே கொலையைச் செய்து காட்டினால் அவன் கற்பது என்ன? வீரமா? ஓடாமல் நின்றதைச் சுடுவதில் வீரமேது? உயிரின் அருமையா? அது போய்விட்டதென்பதே அவனுக்குத் தெரியாதே! அவன் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஓருயிர் துடிக்கும்போது பெரியவர்கள் சிரிப்பார்கள் என்பது.

'அவனே வருகின்றேன் என்றான். நாங்கள் வற்புறுத்தவில்லை' என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை, தந்தை சந்தைக்குப் போனாலும் வருவேன் என்னும். முடிவெட்டப் போனாலும் வருவேன் என்னும். பிணம் எரிக்கப் போனாலும் நானும் வருவேன் என்று காலைக் கட்டும். அதற்காகச் சுடுகாட்டுக்கு அழைத்துச் செல்வாருண்டோ? 'மூத்தவன் இன்று நன்றாகத்தானே படிக்கின்றான், என்ன கெட்டுவிட்டது?' என்றும் கேட்பார்கள். உண்மை, அவன் கெட்டுவிடவில்லை. குழந்தைகள் வலியவர்கள், நம்முடைய பல மடமைகளைத் தாங்கிக்கொண்டும் வளர்ந்துவிடுகின்றார்கள். மாடியிலிருந்து விழுந்த குழந்தை பிழைத்தது என்பதற்காக அடுத்த குழந்தையையும் மாடியிலிருந்து எறிந்து பார்ப்பது அறிவாகுமா?

நிற்க. 'கன்னி வேட்டை' என்னும் சொல்லை எம் உறவினர் எடுத்தது சேக்கிழாரின் பெரிய புராணத்திலிருந்து. அவர் தமிழ்ப்பற்று மிக்கவர். திண்ணனார் வேட்டைக்குப் போன கதையைப் பையனுக்கும் சொல்லியே அழைத்துச் சென்றார். புராணத்தை நம்புமாறு எவரையும் நாம் வற்புறுத்துவோமல்லோம். ஆயினும் மேற்கோள் காட்டுவோர் முழுதும் காட்டவேண்டுமன்றோ? திண்ணன் வில்வித்தை பயின்று முடித்து, பதினாறு வயது எய்திய பின்னரே கன்னி வேட்டைக்குப் புறப்பட்டான் என்பது சேக்கிழார் வாக்கு. அதுமட்டுமா? அவ்வேட்டையில் யானைக் கன்றுகளையும் இளங்குருளைகளையும் வேடர்கள் கொல்லவில்லை, கருவுற்றுத் தளர்ந்து நடந்த பிணைமான்களை வருத்தவுமில்லை என்றும் அதே இடத்தில் பாடிவைத்திருக்கின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவரின் காட்டு வேடர்களுக்கு இருந்த கட்டுப்பாடு, தோட்டாத் துப்பாக்கியும் டார்ச்சு விளக்கும் நான்கு சக்கர வண்டியும் வைத்திருக்கின்ற நமக்கு இல்லாமற் போனது எங்ஙனம்? சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். வயதையும் விட்டோம், வரம்பையும் விட்டோம்.

நெற்றியில் இட்ட இரத்தத் திலகம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது மூதாதையர் வழக்கமென்று அன்றிரவு சொல்லப்பட்டது. நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்றோம். அங்குக் கற்றவற்றில் பெரும்பகுதி தோட்டத்துக் கணக்கேடுகளில் கரைந்துவிட்டது. ஆனால் ஆங்கில நாட்டுச் சீமான்கள் நரி வேட்டைக்குத் தம் பிள்ளைகளை முதன்முறை அழைத்துச் செல்லும்போது, கொன்ற நரியின் இரத்தத்தை அப்பிள்ளைகள் முகத்தில் பூசும் வழக்கத்தைப் படித்தது நினைவிருக்கின்றது. எம் பாட்டனார் துரையின் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடந்தவர். பங்களாச் சுவரில் மாட்டிய மான்கொம்புகளைத் துடைத்தவரும் அவரே. பேரர்கள் இன்று கூடத்துச் சுவரில் கொம்பு மாட்டுவது சேரன் கொடுத்த பரம்பரைச் சொத்தா, துரை விட்டுப்போன எச்சிலா என்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

இனி அமெரிக்கா. 'நாகரிகம் மிக்க அந்நாட்டிலேயே தந்தைமார் சிறு குழந்தைகளைச் சொந்த நிலத்தில் மான் வேட்டைக்கு அழைத்துச் செல்கின்றார்கள்' என்று படித்தவர்களும் வாதாடுகின்றார்கள். அழைத்துச் செல்கின்றார்கள்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் பெரியவர் துணையோடு வேட்டையாடுவதற்குப் பத்து வயது நிரம்பியிருக்கவேண்டும் என்றிருந்த விதியை 2017ஆம் ஆண்டு நவம்பரில் நீக்கினார்கள். உடனே ஓராண்டுகூட நிரம்பாத சிசுக்களின் பெயராலும் உரிமம் வாங்கப்பட்டது. தவழத் தெரியாதவனுக்கு வேட்டை உரிமம்! இதையா நாம் பின்பற்றுவது? அங்கேயாவது, ஓநாய்களை முன்னோர் ஒழித்துக்கட்டியதனாலும் பிற காரணங்களாலும் மான் பெருகி, அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் திரிகின்றது. எத்தனை கொல்லலாமென்று அரசு கணக்கிட்டு விடுகின்றது. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் வேட்டையாடுவோர் பளபளக்கும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு உடை அணியவேண்டுமென்பது சட்டம். இங்கே நிலை யாது? மிளாவும் கேழையும் அருகிப்போனமையால் 2009ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் அவ்விரண்டையும் வேட்டையாடுவது நிறுத்திவைக்கப்பட்டு, 2015க்குப் பிறகும் அத்தடை நீட்டிக்கப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் காட்டுப் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. புலியின் உணவு மிளாவும் கேழையும் காட்டுப்பன்றியும். நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகளை நிற்கவைத்துவிட்டு, காட்டில் அவற்றின் சோற்றை நாம் பறிக்கின்றோம். அந்தப் பறிப்புக்குக் குழந்தையைச் சாட்சியாக வைக்கின்றோம். 2019இல் அத்தடை இருந்த காலத்திலேயே நாம் போனோம். பயிரைப் பன்றியிடமிருந்து காக்கக் கொடுத்த துப்பாக்கியை மானுக்கு நீட்டினோம். சட்டத்தை மீறியவர்களுள் கிராணி வேலை பார்க்கும் நாமும் ஒருவர்.

குழந்தையின் உடம்பைப் பற்றியும் ஒரு சொல். வெடியோசையின் உச்சம் பெரியவர் காதுக்கு 140 டெசிபலையும், குழந்தைகள் காதுக்கு 120 டெசிபலையும் மிஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தோட்டாத் துப்பாக்கி பெரியவர் அளவையே மிஞ்சக்கூடியது. ஈய ரவையால் சுட்ட இறைச்சியில் ஈயத் துகள் தங்கும். ஈயத்தால் மிகுதியும் கேடுறுவது வளரும் குழந்தையின் மூளையே. இவற்றைவிட அஞ்சத்தக்கது இருட்டு. இரவில் தெரிவது இரண்டு ஒளிப்புள்ளிகள் மட்டுமே. அவை மானுடையவையா, மாட்டுடையவையா என்று விரலுக்குத் தெரியாது. யானை நீர் பருகும் ஓசையென்று எண்ணித் தசரதன் ஒரு சிறுவனைக் கொன்றான். மானென்று எண்ணி வேடன் எய்த அம்பினால் கண்ணன் மாண்டான். இதிகாசப் பெருமை பேசுவோர் இக்கதைகளையும் மறக்காதிருப்பாராக. இருட்டில் துப்பாக்கியோடு நால்வர் நடமாடும் இடத்தில், முழங்கால் உயரமுள்ள ஒரு பிள்ளை கையை விடுவித்துக்கொண்டு ஓட எத்தனை நொடி வேண்டும்?

எமக்கு மிகவும் உறுத்துவது இவை யாவற்றுக்கும் அப்பாற்பட்டது. அந்த ஐந்து ஏக்கரும் எப்படி வந்தது? 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, நம்மவர் ஆயிரக்கணக்கில் வீடும் வேலையும் இழந்து தெருவில் நின்றார்கள். அந்த அவலத்தைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சம்பளத்திலிருந்து வெள்ளி வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டார். அதே காலத்தில் எம் உறவினரின் பாட்டனார், பால்வெட்டுத் தொழிலாளி, மனைவியின் தாலிக்கொடியை விற்றுத் தம் போக்கில் வாங்கியது இந்நிலம். அவரிடம் துப்பாக்கி இருந்ததில்லை. பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுவார். மான் வந்தால் தட்டுவதும் இல்லையாம்.

இன்று அந்நிலத்தில் நின்று பேரர் தம் மகனுக்குச் சொன்னது என்ன தெரியுமா? "நம்ம எல்லைக்குள்ள வந்துட்டா அது நம்மளுது." தோழர்களே! இச்சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கின்றோம் அல்லவா? எல்லைக்குள் இருப்பன யாவும் எமக்குச் சொந்தம் என்பதுதானே துரைமார் வேதம்? எல்லைக்குள் இருந்த ஒரே காரணத்தால் மரத்தோடு மரமாக, மாட்டோடு மாடாகத் தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்டவர்கள் நாமல்லவா? உறவினர் வந்து தங்குவதற்கும் ஆப்பீசில் சொல்லிக்கொண்டு நின்றவர்கள் நாமல்லவா? அப்படிப்பட்ட நம் கையில் முதன்முதலாக ஐந்து ஏக்கர் வந்ததும், நாம் நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம் துரையின் பாடமாக இருக்குமானால், நிலம் நம் கைக்கு வந்ததா, நாம் துரையின் கைக்குப் போனோமா? சட்டமும் அச்சொல்லை ஏற்பதில்லை. பட்டா நம் பெயரில் இருப்பதனாலேயே அந்நிலத்தில் புகுந்த காட்டு விலங்கு நம்முடையதாகிவிடாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்துக்கும் சேர்த்துத்தான்.

'ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி தின்கின்றவன் மானுக்கு அழுகின்றான்' என்று நகையாடுவோர்க்கு: ஆம், தின்கின்றோம். நாம் இறைச்சியைப் பற்றி வழக்காடவில்லை. குழந்தையைப் பற்றி வழக்காடுகின்றோம். ஆட்டுக்கடைக்காரர் தம் ஐந்து வயது மகனைக் கடைக்கு அழைத்துவந்து, அறுக்கும்போது கைதட்டச் சொல்வதில்லை. (முனியாண்டி கோயில் கிடாவெட்டில் குழந்தைகளை முன்வரிசையில் நிறுத்துவோரையும் இவ்விடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், அதைப் பற்றித் தனியே எழுத இருக்கின்றோம்.) பயிரைப் பாழாக்கும் பன்றியைப் பெரியவர்கள் முறைப்படி உரிமம் பெற்றுச் சுடுவார்களானால் அதையும் நாம் மறுக்கவில்லை. பையனுக்குப் பதினாறு வயதாகி, சாவென்றால் இன்னதென்று அறிந்து, ஒரு பாட்டியையேனும் புதைத்து அழுதபின், அவனே எண்ணி முடிவு செய்யட்டும். அது அவன் உரிமை. ஐந்து வயதில் அந்த முடிவு அவனுடையதன்று, தந்தையாருடைய மீசையினுடையது.

ஆகவே எம் தமக்கையாரின் கணவருக்கு விடை எழுதிவிட்டோம். விடுமுறைக்கு வருகின்றோம், பகலில் வருகின்றோம். ஓடைக்கரை மணலில் கேழையின் குளம்படி எது, பன்றியின் குளம்படி எது என்று சின்னவனுக்குக் காட்ட எமக்குத் தெரியும். அவன் கொள்ளுப்பாட்டனார் முதன்முதல் நட்ட டுரியான் மரம் எதுவென்று அவன் தந்தையார் காட்டட்டும். மூத்தவனுக்கு நாம் அன்று சொல்லாமல் விழுங்கிய விடை ஒன்று பாக்கியிருக்கின்றது; அதையும் இம்முறை சொல்லிவிடுவோம். விளக்கு எம் வீட்டிலேயே இருக்கும். வேறொருவருக்கும் இரவல் தருவதாக இல்லை.