ஏழை சொல் அம்பலம் ஏறியது

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. உலக அரசியலில் இதை மெய்ப்பிக்கும் சம்பவங்கள் ஏராளம். ஆயினும் இதைப் பொய்யாக்கிய நாடு ஒன்று உண்டு. அதுதான் வனுவாட்டு.

பஸிபிக் சமுத்திரத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, சுமார் 80 தீவுகளைக் கொண்ட குடியரசு இது. ஜனத்தொகை ஏறக்குறைய மூன்று லட்சம். பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாக ஆண்டுவந்த இத்தீவுகள் 1980-ல் சுதந்திரம் பெற்றன. இந்நாட்டுக்குப் படை பலமும் கிடையாது, பண பலமும் கிடையாது. புயல்களுக்கு மட்டும் குறைவில்லை. 2015-ல் 'பாம்', 2020-ல் 'ஹெரால்ட்'. 2023 மார்ச்சிலோ ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள்!

நிலக்கரியையும் எண்ணெயையும் பெருமளவில் எரித்துச் செல்வம் சேர்த்தவை பெரிய நாடுகள். அதனால் பூமியின் வெப்பம் ஏறி, கடல் மட்டம் உயர்ந்து, கரையை இழப்பவை சின்னஞ்சிறு தீவுகள். இந்த அநியாயத்தை யாரிடம் முறையிடுவது? பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளுக்கு ரத்து அதிகாரம் இருக்கிறது. வருஷந்தோறும் கூடும் பருவநிலை மகாநாடுகளிலோ எல்லோரும் இசைந்தாலன்றி எதுவும் நிறைவேறுவதில்லை. கடல் ஏற்றத்தால் நஷ்டப்படுவோருக்குப் பணக்கார நாடுகளின் பொருளுதவியுடன் ஓர் இன்ஷூரன்ஸ் திட்டம் வேண்டும் என்று, தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991-லேயே யோசனை கூறியது. நஷ்டங்களுக்கென ஒரு நிதி அமைக்க மகாநாடு சம்மதித்ததோ 2022-ல்தான்.

ஆகவே வனுவாட்டு வேறு வழியை நாடியது. எந்தச் சட்டப் பிரச்னையிலும் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்க, ஐ.நா. சாஸனத்தின் 96-வது ஷரத்து பொதுச் சபைக்கு உரிமை அளிக்கிறது. அங்கே ரத்து அதிகாரம் எவருக்கும் இல்லை. பெரிய நாட்டுக்கும் ஒரு வோட்டு, சிறிய நாட்டுக்கும் ஒரு வோட்டு. பலாவ் தீவு நாடு 2011-ல் இதே முயற்சியில் இறங்கி வெற்றி காணவில்லை. 2019-ல் தென் பஸிபிக் சர்வகலாசாலையின் சட்ட மாணவர் 27 பேர் அந்த யோசனைக்குப் புத்துயிர் அளித்தனர். வனுவாட்டு சர்க்கார் அதை ஏற்று, நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 130-க்கு மேற்பட்ட நாடுகள் கூட்டாகக் கொணர்ந்த தீர்மானம், 2023 மார்ச் 29-ந் தேதி, வோட்டெடுப்பே இன்றி நிறைவேறியது.

2024 டிசம்பரில் ஹேக் நகரில் நடந்த விசாரணையில் 96 நாடுகள் வாதாடின. இப்போதுள்ள ஒப்பந்தங்களே போதும் என்றன பெரிய நாடுகள் பல. புதிய கடமைகளைச் சுமத்தலாகாது என்று இந்தியாவும் கூறிற்று. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நாம் வெளிவிடும் கரிவாயு பணக்கார நாடுகளைவிட மிகக் குறைவு. ஆதலால் நம் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், வளரும் நாடுகள் எல்லாவற்றின் கவலையும் ஒன்றல்ல என்பது அன்று வெளிப்பட்டது.

2025 ஜூலை 23-ந் தேதி நீதிபதிகள் 15 பேரும் ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தனர். பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. ஒப்பந்தங்களோடு அது முடிந்துவிடவில்லை. கடமை தவறுவது சர்வதேசச் சட்டத்துக்கு மாறான செயல். தவறுக்கும் நஷ்டத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானால் பரிகாரமும் தரவேண்டியிருக்கும் என்பதே அதன் சாரம்.

இது வெறும் ஆலோசனைதானே, கட்டுப்படுத்துமா என்று கேட்கலாம். கட்டுப்படுத்தாது, அதை நிறைவேற்றி வைக்கப் போலீஸும் இல்லை. ஆனால் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வக்கீல்கள் இதை எடுத்துக்காட்டலாம். மகாநாடுகளில் நேற்றுவரை தயவு வேண்டி நின்ற தீவு நாடுகள், நாளை உரிமையைச் சொல்லிக் கேட்கலாம். பிச்சைக்கும் பாத்தியதைக்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதா?

சொல் அம்பலம் ஏறிவிட்டது. அது சபையோரின் காதில் ஏறுமா என்பதை, கரியைக் குறைக்க வல்லரசுகள் செய்யப்போகும் காரியத்தைக் கொண்டுதான் அறிய முடியும். அதற்குள் கடல் இன்னும் எவ்வளவு உயரும் என்பதே வனுவாட்டு மக்களின் கவலை.