குவியலின் அடியில் ஈரம்

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும், மயிலாப்பூர்க் கடைவீதிகளிலும், அடையாற்றின் குளிரூட்டிய பேரங்காடிகளிலும் மாதச் சாமான் வாங்கித் திரும்பும் குடும்பங்களை நாம் காண்கிறோம். பை நிறைகிறது, மனம் நிறைவதில்லை. உறையைப் பிரித்துச் சுவைத்த பின், "இதையா காசு கொடுத்து வாங்கினோம்?" என்ற முணுமுணுப்பு எழுகிறது. அடுத்த கணமே, "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பெருந்தன்மை யாருக்கு உதவுகிறது என்று சிந்தித்தோமா?

பிள்ளை வளர வேண்டுமென்று ஏழைத் தாயும் வயிற்றைக் கட்டி வாங்கும் மால்ட் பானத்தை எடுத்துக்கொள்வோம். அது 'ஆரோக்கிய பானம்' என்றே பல்லாண்டுகள் விற்கப்பட்டது. ஆனால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு இலக்கணமே கிடையாது. 2024 ஏப்ரலில்தான் ஒன்றிய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி இணைய அங்காடிகளுக்கு அறிவுறுத்தியது. அடுத்து, 'நூறு விழுக்காடு பழச்சாறு'. சுண்டக் காய்ச்சிய சாற்றில் மீண்டும் நீர் சேர்த்து அடைத்ததற்கு இந்தப் பெயர் பொருந்தாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதனை நீக்கச் சொல்லிற்று. ஐஸ்கிரீம் என்று நம்பிக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பதும் பல வேளைகளில் 'ஃப்ரோஸன் டெசர்ட்'தான். முன்னதில் இருப்பது பால் கொழுப்பு. பின்னதில் தாவரக் கொழுப்பு.

"எல்லாம் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறதே! படித்துப் பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு" என்பார் சிலர். இவர்களுக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் உணவுத் தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை ஊன்றி நோக்குங்கள். அவ்வணிகர் தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் நனைத்தது. வாங்குபவர் கையை விட்டுப் பார்த்திருந்தால் ஈரம் தெரிந்திருக்கும். ஆயினும், "வாங்குபவரன்றோ சோதித்திருக்க வேண்டும்" என்று அந்த வணிகர் விடுவிக்கப்படவில்லை. உண்மையை மேலே வைப்பது விற்பவர் கடமை என்றே தீர்ப்பாயிற்று. இன்றைய டப்பாவின் பின்பக்கம், அந்தக் குவியலின் அடிப்பக்கமேயாகும்!

அந்தப் பின்பக்கமும் எம்மொழியில் இருக்கிறது? ஆங்கிலம் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தி இருந்தால் சட்டத்துக்குப் போதும், தமிழ் கட்டாயமில்லை. ஆசை காட்டும் விளம்பரம் அழகிய தமிழில் வருகிறது. சர்க்கரை எவ்வளவு என்னும் உண்மை மட்டும் நம் தாய்மார்களுக்குத் தெரியாத மொழியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் ஒளிந்துகொள்கிறது. இதுவா நேர்மை?

நம் வீடுகளுக்கும் ஒரு சொல். ஹலால் முத்திரை இருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் நாம், அதனோடு நின்றுவிடுகிறோம். திருமறையோ உண்ணும் பொருள் ஹலாலாக இருப்பதோடு 'தய்யிப்'ஆகவும், அதாவது தூய்மையும் நன்மையும் உடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சேர்மானங்கள் எடை மிகுந்ததில் தொடங்கி வரிசையாக எழுதப்படுகின்றன. அவ்வரிசையின் தொடக்கத்திலேயே சர்க்கரை நின்றால், அந்த டப்பாவைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். வணிகத்தால் சிறந்த நம் சமூகத்தின் கடைக்காரர்களும், "கம்பெனி அனுப்புகிறது, நாம் விற்கிறோம்" என்று கைகழுவ இயலாது. தெரிந்தே ஈரக் குவியலை அடுக்கி வைப்பவர், அதன் பாவத்தில் பங்காளியே.

வாங்கியபோது அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தந்து விலையைப் பெறும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என வகுத்திருக்கின்றன. நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் இல்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் புகார் சொல்லலாம். நூறு ரூபாய்க்காக வழக்கா என்று நாணுவோரே! அந்த நாணத்தை நூறாயிரம் வீடுகளால் பெருக்கிப் பாருங்கள். விற்றவரின் கொள்ளை இலாபம் எவ்வளவென்று விளங்கும்.

ஆகவே, "போனது போகட்டும்" என்னும் சொல்லை இன்றோடு கைவிடுவோம். ரசீதைப் பத்திரப்படுத்துவோம், ஏமாற்றிய பொருளைக் கடைக்கே திருப்பிக் கொண்டுசெல்வோம். டப்பாவின் முகப்பில், தமிழில், பெரிய எழுத்தில் உண்மையை எழுதச் சட்டம் செய்யுமாறு அரசை வற்புறுத்துவோம். ஈரம் மேலே வரட்டும். அதன் பிறகு வாங்குவதா, வேண்டாவா என்பதை நாம் முடிவு செய்துகொள்கிறோம்.