மாமாமாரின் பனியும் அம்மம்மாமாரின் சூறாவளியும்

ஸ்காபரோவில் இருக்கிற எங்கட மாமாமார் கோல் எடுத்தால் 1999 ஜனவரி பனிப்புயல் கதை எப்படியும் வந்திடும். இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் பனி. ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே உதவிக்குக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்துக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவினம். மாமாமாருக்கோ அது வேற பகிடி: "ஆமிக்குப் பயந்து இங்க ஓடி வந்தம், இங்க ஆமி பனி அள்ளுது!"

மட்டக்களப்பில் 'சூறாவளி' என்றால் ஆண்டு கேட்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23. அம்மம்மாமாரைக் கேட்டால் இரண்டு வசனம்தான் வரும். ஓடு பறந்தது, விடிய எழும்பிப் பார்க்க ஒரு தென்னையும் இல்லை. பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுவினம்.

எங்கட சனத்துக்கு வானிலையைப் பதிந்து வைக்கிற பழக்கம் இல்லை என்று சிலர் சொல்லுறதை நாங்கள் ஏற்கமாட்டம். பனி உருகினபோது மாமாமாரின் வீடு அப்படியே நின்றது. சென்ரிமீற்றர் கணக்கும் படங்களும் மிஞ்சின. இங்க கூரையோடு அல்பமும் போச்சு. சொந்தத்தைப் புதைச்சவையிட்ட அதை ரசிச்சுச் சொல்லு என்று எப்படிக் கேக்கிறது?

ஆனாலும் கேட்காமல் விடவும் மனமில்லை. அன்றைக்குப் பிள்ளையோட நின்றவைக்கு இப்ப எழுபது தாண்டிட்டுது. காற்று இடையில் ஓய்ந்து, பிறகு மறுபக்கத்தால் திரும்பி வந்ததா? அந்த இரவு யார் வீட்டில் ஒதுங்கினவை? விடுமுறைக்கு ஊருக்குப் போகேக்க, தேத்தண்ணியை இந்தமுறை நாங்களே போடப்போறம்.