நாட்டுப்புறப் பாட்டுக்கும் டிக்கெட் வாங்குவோம்



பதிவு கொஞ்சம் நீளம். முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பாட்டுக்கா பஞ்சம்? மார்கழி பிறந்தால் காலை முதல் இரவு வரை கச்சேரிதான். ஆனால் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெம்மாங்கோ வில்லுப்பாட்டோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கத் தோன்றினால் எங்கே போவீர்கள்? யூடியூபுக்குத்தான்.

"சென்னை சங்கமம் இருக்கிறதே சார்" என்பீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. 2007இல் தொடங்கினார்கள், பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் வந்தன. 2011க்குப் பிறகு நின்றது. 2023இல்தான் மறுபடி வந்தது. ஆட்சி மாறினால் நிற்கிற மேடையை நம்பி ஒரு கலைஞர் எப்படிக் குடும்பம் நடத்துவார்? நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. அதையும் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டுமே வருஷத்தில் சில நாள் விழாக்கள். மீதி நாளெல்லாம் அந்தப் பாடகர் என்ன செய்வார் என்று நாம் யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே மலைக்கிராமத்துப் பாட்டு, பிடில், பாஞ்சோ எல்லாம் சேர்ந்ததைக் கன்ட்ரி மியூசிக் என்கிறார்கள். அதற்காக நாஷ்வில் நகரத்தில் 1925இல் ஒரு வானொலி நிலையம் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. நூறு வருஷமாக நடக்கிறது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். "பட்டிக்காட்டுப் பாட்டுக்குக் காசா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நாம் ஏன் கேட்கிறோம்? கசப்பான பதில்தான், சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பறை அடித்தவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்து, ஒரு படி நெல்லோ பழைய வேட்டியோ கொடுத்து அனுப்பிய பழக்கம் நமக்கு. அந்தப் பழக்கத்தின் இன்றைய பெயர்தான் 'அனுமதி இலவசம்'. நெல்லுக்குப் பதில் இப்போது பொன்னாடை, செல்ஃபி. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ. வில்லிசை சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல். டெல்லி விருது கொடுத்துவிட்டது. நாம் ஒரு இருநூறு ரூபாய் டிக்கெட் வாங்கினோமா?

"வயல்காட்டுப் பாட்டை ஏசி அரங்கில் அடைத்தால் உயிர் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். சரி, வயல் எங்கே? நாற்று நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவுப் பாட்டு எங்கே போய் நிற்கும்? கர்நாடக சங்கீதமும் கோயிலிலும் அரண்மனையிலும் இருந்ததுதானே? சபாவுக்கு வந்ததால் அது செத்துப்போகவில்லை. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. இன்றும் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறோம். அரங்கம் அதைக் காப்பாற்றியது. தெம்மாங்கை மட்டும் கொன்றுவிடுமா?

விழா மேடையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கதை சூடு பிடிப்பதற்குள் அடுத்த குழு வந்துவிடும். விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டைப் பத்து நிமிடத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது குடமும் ஜால்ராவும்தான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தென்சென்னையில் ஒரு சபாவாவது மாதம் ஒரு மாலையை நாட்டுப்புற இசைக்கு ஒதுக்கட்டும். ஒரே குழு, இரண்டு மணி நேரம். கீபோர்டு வேண்டாம், சினிமாப் பாட்டு வேண்டாம். பறையை நெருப்பில் காய்ச்ச வாசலில் கொஞ்சம் இடம். அழைப்பிதழில் 'கிராமியக் கலைக்குழு' என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், பாடுகிறவர் பெயரும் ஊரும் அச்சாக வேண்டும். டிக்கெட் கட்டாயம்.

உங்களில் பலர் சபா உறுப்பினர்கள். செயலாளருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதியவர்கள் கீழே சொல்லுங்கள். முதல் நிகழ்ச்சிக்குப் பத்து டிக்கெட் என் கணக்கு. பேரப்பிள்ளைகளோடு வருகிறேன்.