வழுக்கையும் வைத்தியமும்

பழனியிலும் திருப்பதியிலும் வேண்டுதல் நிறைவேறியதற்காகத் தலைமுடி முழுவதையும் களைந்துவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையுடன் மனநிறைவோடு மலையிறங்கி வருகிற மனிதனே, சில மாதங்களுக்குப் பின் சீப்பில் சிக்கிவரும் பத்து மயிரைக் கண்டு கலங்குவானாயின், அதில் முரண்பாடு ஏதுமில்லை. தானே உவந்து கொடுப்பது வேறு, தன்னைக் கேளாமலே பறிபோவது வேறு. இருபத்தைந்து வயது நிரம்புமுன் நெற்றி மேலேறத் தொடங்கிவிட்ட பையனைப் பெண் பார்க்க அழைத்துச் சென்ற இடத்தில், காபித் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போன பெரியம்மா ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு வயசு சரியாத்தான் சொன்னாங்களா?" என்று கூடத்தில் இருப்பவர் காதில் விழும்படி கேட்பதும், அன்றுமுதல் அவன் எந்தக் கல்யாண வீட்டிலும் புகைப்படக்காரர் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்பதும் நம் குடும்பங்களில் நித்தியம் நடப்பவை. ஆண்பிள்ளைக்கு இதுவும் ஒரு கவலையா என்று அதட்டி அடக்கிவிடும் பெரியோர்களுக்கு நான் பணிவுடன் சொல்ல விரும்புவது, அந்த வேதனை மெய்யானது, அதற்கு மருத்துவ சாஸ்திரத்தில் இன்று ஓரளவு மெய்யான பரிகாரமும் உண்டு என்பதே. ஆனால் அந்தப் பரிகாரம் மருத்துவரின் கையை விட்டு வியாபாரியின் கைக்குப் போய்க்கொண்டிருப்பதும், அதனால் பணமும் சில வேளைகளில் பிராணனுமே பறிபோவதும் அவ்வேதனையைக் காட்டிலும் பெரிய கவலைக்குரியவை.

ஆண்களுக்கு விழும் வழுக்கையில் மிகப் பெரும்பாலானது தொப்பி அணிவதாலோ, ஹெல்மெட்டினாலோ, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளிப்பதாலோ வருவதன்று. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அத்தகையவர்களுக்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனை ஊசி வழியே செலுத்தியபோது, குலவழியில் வழுக்கை உடையவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியதையும் ஆராய்ந்து 1942இல் வெளியிட்டார். பரம்பரையும் சுரப்பும் ஒன்றுகூடினால்தான் வழுக்கை என்பது அன்றே தெளிவாயிற்று. அந்தப் பரம்பரையும், நம்மவர் நம்புவதுபோலத் தாய்வழிப் பாட்டனாரின் தலையோடு நின்றுவிடுவதன்று, தந்தைவழியிலும் வருவதே. டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வேறொரு சுரப்பாக மாறுகிறது. முன்னந்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அதன் தாக்குதலுக்கு உள்ளாகி, சில ஆண்டுகள் வளர்ந்து சில மாதங்கள் ஓய்ந்து மீண்டும் வளரும் தம் இயல்பான சுழற்சியில், ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலும் மெல்லிய, முன்னிலும் குட்டையான மயிரை ஈன்று, கடைசியில் பூனைமுடி போன்ற ஒன்றோடு அடங்கிப்போகின்றன. ஆனால் பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிர்க்கால்கள் அந்தச் சுரப்பைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எவ்வளவு வழுக்கை விழுந்த தலையிலும் பின்புறத்தில் ஒரு பட்டை முடி மிஞ்சுவதற்கும், பின்னாளில் முடி நடும் சிகிச்சை சாத்தியமானதற்கும் காரணம் இதுவே.

மருந்து பிறந்த கதை இதைவிட வியப்பானது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண்குழந்தைகள் என்று கருதப்பட்டு, பருவ வயதில் ஆண்களாக வளர்ந்த சிலரை ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள்: டெஸ்டோஸ்டிரோனை மாற்றியமைக்கும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு வளர்ந்த பின்னும் புராஸ்டேட் சுரப்பி சிறுத்தே இருந்தது, நெற்றி முடி பின்வாங்கவுமில்லை. அந்த நொதியை மருந்தினால் தடுத்தால் என்ன என்ற சிந்தனையிலிருந்து மெர்க் நிறுவனத்தின் பினாஸ்டரைடு பிறந்தது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஒரு மில்லிகிராம் மாத்திரையாக வழுக்கைக்கும் அமெரிக்க அரசு அதனை அனுமதித்தது. மற்றொரு மருந்தாகிய மினாக்ஸிடில் இரத்த அழுத்தத்துக்கு என்று ஆக்கப்பட்டது. அதை உட்கொண்ட நோயாளிகளின் உடலெங்கும் மயிர் வளர்வதைக் கண்ட மருத்துவர்கள் தலையில் தடவும் திரவமாக அதைச் சோதித்துப் பார்க்க, 1988இல் அது அந்த உபயோகத்துக்கும் அங்கீகாரம் பெற்றது.

இவ்விரண்டின் பலனும் பொய்யன்று. இரண்டாண்டு நடந்த சோதனைகளில், பினாஸ்டரைடு உண்டவர்களுள் நூற்றுக்கு 83 பேருக்கு உச்சியில் முடியிழப்பு மேலும் பெருகவில்லை. ஒப்பீட்டுக்காக மருந்து கலவாத வெறும் மாத்திரை உண்டவர்களுள் அப்பேறு பெற்றவர் 28 பேரே. ஆயினும் இம்மருந்துகளின் நிபந்தனை ஒன்றை, வாங்குகிறவன் முதல்நாளே அறிந்திருக்க வேண்டும்: தினந்தோறும், ஆண்டாண்டாக, பலன் வேண்டும் காலமெல்லாம் உபயோகிக்க வேண்டும், நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெற்றதெல்லாம் போய்விடும். மினாக்ஸிடில் தடவத் தொடங்கிய முதற்சில வாரங்களில் சிலருக்கு முடி அதிகமாகவே கொட்டும். பழைய மயிரைத் தள்ளிக்கொண்டு புதிது எழும்புவதன் அறிகுறி அது என்பதைச் சொல்வார் இல்லாமல், பயந்துபோய் பாட்டிலை எறிந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். பினாஸ்டரைடினால் சிலருக்குக் காமவிருப்பம் குன்றுவதும் ஆண்மைத் தளர்ச்சி ஏற்படுவதும் உண்டு. சோதனைகளில் இத்தகைய குறைகளைச் சொன்னவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே, வெறும் மாத்திரை உண்டவரிலும் இருவர் சொன்னார்கள் என்றாலும், அந்தச் சிலருள் ஒருவனாகத் தான் இருந்துவிட்டால் அவனுக்கு அது சிறுபான்மையன்று. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்கூடச் சிலருக்கு நேர்வதாக ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2025இல் உறுதிசெய்து எச்சரித்திருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயைத் துருவும் இரத்தப் பரிசோதனையின் அளவை இம்மாத்திரை ஏறக்குறையப் பாதியாக்கிவிடுமாதலால், நடுவயது கடந்தவர் அதைத் தம் மருத்துவரிடம் மறைக்கலாகாது; கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடுவதும் ஆகாது. இத்தனை விவரமுள்ள மருந்தை, நண்பன் சொன்னான் என்று மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கி விழுங்குவது எப்படித் தகும்?

இனி அறுவைக்கு வருவோம். ஓகுடா என்ற ஜப்பானிய மருத்துவர் 1939இலேயே மயிருள்ள தோலைச் சிறு வில்லைகளாக எடுத்து நட்டுக் காட்டினார். உலகப் போரின் இரைச்சலில் அவர் எழுதியது மேனாட்டார் செவிக்கு எட்டவில்லை. நார்மன் ஓரன்ட்ரைக் என்ற நியூயார்க் மருத்துவர், பிடரியிலிருந்து எடுத்த மயிர்க்கால் முன்னந்தலைக்குப் போன பின்னும் தன் பிறந்த இடத்து இயல்பையே காப்பாற்றிக்கொள்கிறது என்பதை 1950களில் நிறுவினார். அந்நாளில் நான்கு மில்லிமீட்டர் அகல வில்லைகளாக நட்டமையால், பொம்மைத் தலையில் கொத்துக் கொத்தாகத் தைத்தது போன்ற தோற்றம் ஏற்பட்டது. இன்றோ, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கூர்குழாயால் மயிர்க்காலை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கிறார்கள், அல்லது பிடரித் தோலில் ஒரு மெல்லிய பட்டையை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் பிரிக்கிறார்கள். ஒரு காலில் ஒன்றிலிருந்து நான்கு மயிர்வரை இருக்கும், அதைத்தான் கிளினிக்குகளில் கிராஃப்ட் என்கிறார்கள். உப்புநீரில் குளிரூட்டி வைத்த அவற்றை, ஒற்றை மயிர்க் கால்களை நெற்றியோரத்திலும் இரட்டை மயிர்க் கால்களை அதன் பின்னுமாக, இயற்கை முடி சாய்ந்திருக்கும் கோணத்தையே பின்பற்றி, ஊசிமுனைத் துளைகளில் இறக்குகிற கை நிதானத்தைப் பார்த்தவர் எவரும் இது உயர்ந்த கலை என்பதை மறுக்கமாட்டார்கள். நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் முளைத்து, முழுப்பலன் தர ஓராண்டு ஆகும்.

ஆனால் நாற்றங்காலில் எவ்வளவு நாற்று உண்டோ அவ்வளவுதான் நடவு. ஒரு மனிதன் பிடரியிலிருந்து வாழ்நாள் முழுவதிலும் எடுக்கக்கூடிய கால்கள் சில ஆயிரங்களே. எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. இருபத்திரண்டு வயதில் வழுக்கை எவ்வளவு தூரம் பரவும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில், பதினாறு வயதுச் சிறுவனுக்குரிய நெற்றிவரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இருந்த கால்களில் பாதியை அங்கே செலவழித்துவிடுகிற இளைஞனுக்கு, நட்டது நிற்க அதன் பின்னாலிருந்த சொந்த முடி முப்பதில் உதிர்ந்துபோய், நெற்றியில் ஒரு முடிவேலியும் அதன் பின்னால் வெட்டவெளியுமாகும்போது, அதை நிரப்பப் பிடரியில் சரக்கிருக்காது. ஆகையால் முதலில் மருந்தினால் உதிர்வை நிறுத்திப் பார்த்து, ஓராண்டாவது பொறுத்து, வழுக்கையின் போக்கை அறிந்துகொண்டு, அதற்குப் பின்னரே கத்தியைப் பற்றி யோசிப்பதும், அறுவைக்குப் பின்னும் மருந்தைத் தொடர்வதும்தான் முறை. இதை மனச்சாட்சியுள்ள மருத்துவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்; விளம்பரப் பலகைகள்தாம் சொல்வதில்லை. 'ஒரே நாளில், ஒரே முறையில், என்றென்றைக்கும்' என்று விற்பவனுக்கு, ஆயுள்பரியந்தம் மாத்திரை வேண்டும் என்ற பேச்சு வியாபாரத்தைக் கெடுப்பது. ஆகவே அது மறைக்கப்படுகிறது. என் மனத்தை மிகவும் உறுத்துவது இந்த மறைப்பே.

மறைப்பைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 2016 மே மாதம் சென்னையில் முடி நடுவதற்காகச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு நாட்களில் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்குரிய உரிமமே இருந்தது என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. மணிக்கணக்கில் நீளும் இவ்வறுவையில், மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட நேர்கிறது. உடல் எடைக்குரிய அளவை அது மீறினால் வலிப்பும் இதயத் தடுமாற்றமும் உண்டாகும். அவ்வேளையில் பிராணவாயுவும், இதயத்தை மீட்கும் கருவியும், அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் அறையில் இல்லையானால் ஒன்றும் செய்வதற்கில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று வெளிப்படையாக எழுத நேர்ந்தது; அப்படி எழுத வேண்டிய நிலைமை எத்தகையது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். வழுக்கையைக் குணப்படுத்துவதாக உரிமைகொண்டாடி மருந்து விற்கலாகாது என்று மருந்துகள், அழகுப்பொருள்கள் விதிகளின் 'ஜே' அட்டவணை நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்க, வழுக்கையில் முடி முளைப்பிக்கும் மூலிகைத் தைலங்களின் விளம்பரம் பேருந்தின் முதுகெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலையைக் கொடுக்கப் போகிறவன் கேட்க வேண்டியவை சிலவே: துளையிடப் போகிறவர் யார், விளம்பரத்தில் சிரிக்கும் மருத்துவர்தாமா, அல்லது அவர் பெயரில் வேறொருவரா, அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன, மயக்க மருத்துவர் முழுநேரமும் இருப்பாரா, விபரீதம் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், பத்து வருஷம் கழித்து மீதமுள்ள சொந்த முடிக்கு என்ன ஏற்பாடு. வெட்கத்தினால் வீட்டாரிடம் சொல்லாமல் தனியே போகிற பையன் இவற்றைக் கேட்கமாட்டான்; ஆதலால் கேலி செய்யாமல் உடன் செல்லும் அண்ணனோ தகப்பனாரோ இருப்பது அவசியம். அரசாங்கம் செய்ய வேண்டியதும் அப்படியொன்றும் பெரிதன்று. தமிழ்நாட்டின் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. வந்த விதிகளைக்கொண்டு, முடி நடுவதாகப் பலகை மாட்டியிருக்கும் ஒவ்வோர் இடத்தையும் மாவட்ட சுகாதார அதிகாரிகள் நேரில் சென்று பார்த்து, அங்கே அறுவை செய்யும் மருத்துவரின் பெயரையும் தகுதியையும் பதிவு எண்ணையும் வாசலிலேயே தமிழில் எழுதி மாட்டச் செய்து, எழுத முடியாத இடங்களைப் பூட்டி முத்திரையிட வேண்டும்.